மணக்குதா, மகள்?

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஒரே கேள்வி வரும். காலையில் கூட்டி முடித்ததும் ஒருதரம், பொழுதுபட விளக்கேற்றுமுன் ஒருதரம்.

"நாய் மணக்குதா, மகள்?"

கேட்பது அம்மா. நான் பிறக்குமுன் வந்த நெருப்புக் காய்ச்சலில் அவருடைய மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான். குசினியில் கறி அடிப்பிடித்தால்கூட நான்தான் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்.

மூக்கு வேலை செய்யாதவருக்குத்தான் நாற்றத்துக்கு அவ்வளவு பயம். யாராவது வந்து கதிரையில் இருந்தால் அம்மா அவர்கள் வாயைப் பார்க்கமாட்டார், மூக்கைத்தான் பார்ப்பார். ஆகவே நாய்க்குச் சட்டங்கள் இருந்தன. அது படுக்கிற சாக்கை நாள்தோறும் வெயிலில் போடவேண்டும். சனிக்கிழமைகளில் வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிப்பாட்டவேண்டும். நிலத்தை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைக்கவேண்டும். வந்தவர்களில் ஒருவர் மூக்கைச் சுளித்தாலும் நாய் அடுத்த பஸ்ஸில் கதிரவெளிக்குப் போய்விடும். அங்கே மாமா, வலைக்குக் காவல் வைக்க ஒரு நாய் தரும்படி நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

நாய் இந்தச் சட்டங்களை மதிக்கவில்லை. வாவிக்கரையில் செத்த மீன் கிடந்தால் அதில் புரளாமல் வீடு திரும்பாது. நானோ பெரிய சோம்பேறி. சாக்கை வெயிலில் போட மறந்துவிட்டு, அம்மா கேட்கும்போது "இல்லையம்மா" என்பேன். முதல் தடவை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். பிறகு பழகிவிட்டது. நாயைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது என் சோம்பலைத்தான்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். எங்கள் ஊரான தன்னாமுனையில் ஒக்டோபர் மாதம் மாதா சொரூபம் வீடு வீடாக வரும். ஊரார் கூடிச் செபமாலை சொல்வார்கள். மறுநாள் மாலை சொரூபத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். எங்கள் முறை வந்த அன்று காலை முழுக்க மழை. மத்தியானம் நாய் மீன் நாற்றத்தோடு வந்து நின்றது. கிணற்றடியில் குளிப்பாட்டினால் அம்மா கண்டு காரணம் கேட்பார் என்று, வாவிக்குக் கொண்டுபோய் அவசரமாக அலசினேன். எங்கள் வாவி கடலோடு சேர்வது; அந்த உப்புத் தண்ணீர் பட்ட மயிர் லேசில் காயாது, காயாத நாய் இரண்டு மடங்கு மணக்கும். எங்கள் கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. பயத்தில் எனக்கு நினைவு வரவில்லை. ஈரத்தோடு அதை உள்ளறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். செபத்துக்கு விரிக்கவென்று எடுத்து வைத்த நல்ல பன்பாய்கள் அங்கேதான் கிடந்தன. நாய் அவற்றின்மேல் ஏறி நிம்மதியாகத் தூங்கியது; பொழுதுபடுமுன் நான் கதவைத் திறந்ததும் பின்பக்கம் ஓடிவிட்டது.

பொழுதுபட அம்மா கேட்டார். "இண்டைக்கு வடிவா மோந்து பாத்துச் சொல்லு. மணக்குதா, மகள்?"

"இல்லையம்மா. சாம்பிராணி மட்டும்தான் மணக்குது."

சொரூபம் வந்தது. அம்மாவே பாய்களை விரித்தார். பெண்கள் முழங்காலில் நின்றார்கள். செபமாலையில் பாதிகூட முடியவில்லை, முன்வரிசையில் சேலைத் தலைப்புகள் ஒவ்வொன்றாக மூக்குக்குப் போயின. பக்கத்து வீட்டு மாமி அம்மாவின் காதுக்குள், "என்னகா, பாயில நாய் படுத்ததா?" என்றது எனக்கும் கேட்டது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முன்னைவிடச் சத்தமாகச் செபத்தைத் தொடர்ந்தார்.

எல்லோரும் போனபின் அம்மா பாயைத் தடவி, அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்சநேரம் வைத்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எத்தினை நாளாப் பொய் சொல்லுறாய்?"

"கனநாளாம்மா."

"எனக்குத் தெரியாதெண்டுதானே சொன்னாய்."

நான் விம்மி விம்மி அழுதேன். நாயை அனுப்பவேண்டாம் என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"நாய் என்ன பிழை செஞ்சது? கதிரவெளிக்கு அனுப்பிறதெண்டா உன்னையெல்லோ அனுப்பவேணும்" என்றார் அம்மா. இரண்டு பேரும் அழுகையோடு சிரித்துவிட்டோம். ஆனால் அவர் அன்று சாப்பிடவில்லை.

அதன்பிறகு நான் பொய் சொல்லவில்லை. மணந்தால் "ஓம்" என்பேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு கிணற்றடிக்கு வருவார். அவர் தண்ணீர் அள்ள, நான் தேய்ப்பேன். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் மனம் குளிர்கிறது. அப்படியே ஏழு வருடம் போயிற்று.

ஒரு மாரிகாலத்தில் நாய் செத்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். இரண்டு மாதம் கழித்து, அம்மா அதன் சாக்கோடு என்னிடம் வந்தார். எத்தனையோ தடவை துவைத்து, வெயிலில் காய்ந்த சாக்கு. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மணக்குதா, மகள்?"

மோந்து பார்த்தேன். வெயில் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை.

"ஓமம்மா, மணக்குது" என்றேன்.

அம்மா தலையாட்டினார். சாக்கை வெயிலில் போடவில்லை. மடித்து, தன் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.