எழுவரில் ஒருவர்

மட்டமான தரையில் கிலியான் காலைத் தூக்கி வைக்கிறார். சோளக்காட்டின் நடுவே, ஒரு கையால் காற்சட்டையைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எதையோ தாண்டுகிறார். தாண்டிய பிறகு குனிந்து துணியின் நுனியைத் தொட்டு, நனைந்ததா என்று பார்க்கிறார். அங்கே ஒரு காலத்தில் வாய்க்கால் ஓடியது. துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களை ஒன்றுசேர்க்கிறோம் என்று அரசாங்கம் இயந்திரங்களைக் கொண்டுவந்து அதை மூடியபோது அவரும் பக்கத்தில் நின்றவர்தான். மூடியது மறந்துவிட்டது. வாய்க்கால் மறக்கவில்லை.

கறுப்புத் தொப்பி, முழங்கால் வரை தோல் காலணி, பையில் எப்போதும் ஒரு பிளம்ஸ் கொட்டை. நடக்கும்போது அதை விரலால் உருட்டிக்கொண்டே போவார். காலையில் புறப்பட்டால் அவர் போகிற வழி எதுவும் இப்போது வழியே இல்லை. அடுத்தவன் பயிரின் நடுவே திடீரென்று நின்று வலப்பக்கம் திரும்புவார். பழைய எல்லை அங்கேதான் திரும்பும்.

எங்கள் ஷ்லேபாக் சின்ன ஊர். ஓடை வளைகிற இடத்தில், இரண்டு சரிவுகளுக்கு நடுவே இடுங்கிக் கிடக்கிறது. வெயில் சரிவில் முன்னே திராட்சை. பூச்சி அரித்துத் தீர்த்தபின் பிளம்ஸ் மரங்கள். இப்போது சோளம், அதுவும் மனுஷர் தின்பதற்கில்லை, எரிவாயு எடுக்கிற தொட்டிக்கு. நிழல் சரிவின் பெயர் பசிமூலை. விதைத்தவன் விதைத்த அளவைக்கூட அங்கே திரும்ப எடுத்ததில்லை. ஊருக்கென்று கல்லறை இல்லாத காலத்தில் செத்தவர்களை மேடேறிச் சுமந்துபோன தடம் பிணப்பாதை. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன் சுவீடன் படை வந்து எரித்தபோது மிஞ்சியவர்கள் பதுங்கிய இடம் சுவீடன் பள்ளம்.

இதெல்லாம் எனக்கு அடுத்த வீட்டுக்காரரான கிலியான் வேலிக்கு மேலாகச் சொல்லித் தெரிந்தது. உலகப் போர் முடிந்ததும் கிழக்கிலிருந்து அகதியாகக் கைவண்டியோடு வந்து இறங்கிய குழந்தை நான். பள்ளிக்கு அனுப்பாமல் வாத்து மேய்க்க அனுப்பினார்கள். எனக்கு எழுத்து தெரியாது. வரைபடத்தைக் காட்டினால் கோழி கிளறிய மாதிரிதான் தெரியும். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்த ஊர் என்னை 'வந்தவள்' என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். ஊரை அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லைக்கல் நடுவதற்கு ஏழு பேர் இருப்பார்கள். எழுவர் என்றே பெயர். ஆயுள் முழுக்கப் பதவி. கல்லை நிறுத்துமுன் அதன் அடியில் ஓர் அடையாளம் வைப்பார்கள். எதை, எந்த விதமாக வைக்கிறார்கள் என்பது அந்த ஏழு பேருக்கு மட்டும் தெரியும். எவனாவது கல்லைப் பிடுங்கி நகர்த்தினால், தோண்டிப் பார்த்துத் திருட்டைச் சொல்லிவிடலாம். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இந்த ரகசியத்தைக் கொடுப்பார்கள். மனைவிக்குச் சொல்லக்கூடாது. பாவமன்னிப்புக் கேட்கப் போனால் பாதிரியாருக்கும் சொல்லக்கூடாது.

கிலியான் வாலிபத்தில் எழுவரில் சேர்ந்தவர். கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், "உங்க வாத்தியாரோட பொய்ப்பல்லு" என்பார். சேர்ந்த புதிதில் மற்ற ஆறு பேரும் அவருக்குப் பிளம்ஸ் சாராயத்தை ஊற்றி ஊற்றிக் கொடுத்துச் சோதித்தார்களாம். மேசைக்கு அடியில் சரிந்து விழுகிற நிலையிலும், "அடியில என் மாமியார் இருக்கா, பாத்து மெதுவா நடங்கடா" என்றுதான் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

அந்த வாய்தான் இப்போது திறந்துகொண்டது.

முதலில் வீட்டுக்குள், சூப் குடிக்கும்போது. அவர் மனைவி குனி வானொலியை உரக்க வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்தது. ரொட்டி வண்டி வந்து மணியடிக்க, வரிசையில் நின்றவர், தன் முறை வந்ததும் ஒரு கறுப்பு ரொட்டி கேட்டார். அதே மூச்சில் கல்லுக்கு அடியில் இருப்பதையும் சொன்னார். ஒருத்தி கூடையைக் கீழே போட்டாள். ஒருவர் நிறுத்தாமல் இருமினார். இன்னொருவர் பன்றித் தீவன விலையைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். எங்கள் ஊருக்கு அன்பு காட்டத் தெரிந்த விதம் அவ்வளவுதான். வண்டிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரொட்டியை வெட்டித் தரவா, முழுசாகவா என்று கேட்டான்.

என்னிடமும் சொன்னார், முட்டை விலை சொல்வதுபோல. ஆகவே எனக்கும் தெரியும். என்னிடம் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன்.

ஆனால் இதுவும் பெரிதில்லை. சில சாயங்காலங்களில் அவருக்குத் தெளிந்துவிடும். வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

"நான் சொல்லிட்டேனா?"

"இல்ல கிலியான்."

"யார்கிட்டயும்?"

"யார்கிட்டயும் சொல்லல. போய்ச் சாப்பிடு."

உடனே போக மாட்டார். என் முகத்தையே பார்ப்பார். கல்லை நகர்த்திவிட்டு நகர்த்தவில்லை என்று சாதிப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. நான் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோலத் திரும்பிக்கொள்வேன். குனியும் அதே பதிலைத்தான் சொன்னாள். ஊரே அதைத்தான் சொன்னது.

எழுவருக்குத் தலைவர் கங்கோல்ஃப். கிலியானோடு ஓடையில் மீன் பிடித்து வளர்ந்தவர். இந்த மனிதரைச் சத்தியத்திலிருந்து விடுவித்துவிட முடியாதா என்று அவரிடம் நான் சண்டையே போட்டேன். "உள்ள வர்றதுக்குத்தான் வார்த்தை இருக்கு. வெளிய போறதுக்கு எங்ககிட்ட வார்த்தை இல்ல" என்றார். ஊர்த் தலைவர் நல்லவர். அவர் குனியிடம் வேறு மாதிரி ஆறுதல் சொன்னார். இப்போதெல்லாம் வானத்திலிருந்தே விரற்கடை பிசகாமல் அளந்துவிடுகிறார்கள், அந்த அடையாளம் யாருக்கும் தேவையில்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

அன்றைக்குக் குனி என் அடுப்படியில் உட்கார்ந்து என் உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தள்ளினாள்.

"யாருக்கும் வேண்டாமாம். இருக்கட்டும். அவருக்குள்ள மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானே? என் பேரு போயிடுச்சு. பையன் செத்தது போயிடுச்சு. இது மட்டும் போகல." சிறிது நேரம் சீவினாள். "கட்டினதுலேர்ந்து ஒரு நாள் நான் கேட்டதில்ல. இப்ப தினம் சூப்போட வருது."

இந்த இலையுதிர் காலத்தில் பசிமூலையை ஒட்டிச் சாலையை அகலமாக்கினார்கள். ஒரு கல்லை எடுத்து வேறு இடத்தில் நட வேண்டியிருந்தது. குனி அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கப் பார்த்தாள். கடப்பாறைச் சத்தம் காதில் விழுந்ததும் அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவளும் போனாள், துணைக்கு நானும்.

குழி தயாரானதும் எழுவரைத் தவிர மற்ற எல்லோரும் தள்ளிப்போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். நில அளவைக்காரர், ஊர்த் தலைவர், நிலக்காரர்கள், எல்லோரும் நகர்ந்தார்கள். கிலியான் அங்கே கிடந்த மண்வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே குழியை நோக்கி நடந்தார். குழியின் ஓரத்தில் கைநிறைய மண் அள்ளி நசுக்கிப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் கங்கோல்ஃபைப் பார்த்தார்கள்.

"கிலியான், நீ அங்கிட்டு நில்லு."

"ஏன்டா?"

கங்கோல்ஃப் குழியைப் பார்த்தார். "காத்து அடிக்குது. குனியோட நில்லு, போ."

அன்று அவருக்குத் தெளிவான நாள். அதுதான் எங்கள் கெட்ட காலம். கங்கோல்ஃபை ஒரு முறை பார்த்தார், மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

"சொல்லிட்டேன், இல்ல?" என்றார்.

இத்தனை நாளும் என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்த அந்த 'இல்லை' அன்றைக்கு வரவில்லை. குனி அவர் தொப்பியை நேராக்கினாள்.

எல்லோரும் குழிக்கு முதுகைக் காட்டி நின்றோம். எதிரே அறுத்துப்போட்ட சோளத் தட்டை, அதற்கப்பால் மேடு. பின்னால் ஆறு பேர் மண்டியிடுகிற சத்தம் கேட்டது. கிலியானும் எங்களைப் போலவே முதுகைத் திருப்பி, எனக்கும் குனிக்கும் நடுவே நின்றார். சற்று நேரத்தில் அவர் தாடை நடுங்கத் தொடங்கியது. உள்ளேயிருந்து அந்த ரகசியம் ஏறி வருவது அவருக்கே தெரிந்துவிட்டது. பற்களைக் கடித்துப் பார்த்தார். நிற்கவில்லை.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். மண் ஒட்டிய இரண்டு உள்ளங்கைகளையும் என் காதுகளின் மேல் வைத்து, வலிக்கும்படி அழுத்திப் பொத்தினார். எனக்கு முன்னால் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.