டி.வி. ரூமுக்கு நான்கு தலைவிகள்

நான்கு. பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்குள் அதற்கு மேல் ஆள் இருக்கக் கூடாது. வேலுத்தாய் இருபது வயதில் திரி வைக்கும் வேலைக்குப் போனவர், நாற்பதில் வெளியே வந்தார். அந்தக் காலம் முழுவதும் அவருடைய உலகம் நான்கு பேர் கொண்டது. ஐந்தாவதாக ஒருவர் எதற்காகவோ உள்ளே காலை வைத்தால், ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவர் எழுந்து மறுவாசல் வழியாகப் போய்விடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் வெடிமருந்தைப் பார்ப்பதற்கு முன்பே தலைகளைத்தான் எண்ணுவார்கள்.

இப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. எம். புதுப்பட்டிக்கு அருகே உள்ள தன் ஊரில், விருதுநகர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் களப்பணியாளர். ஊரில் அவருக்கு 'மீட்டிங்கு வேலுத்தாய்' என்று பெயர். ஒரு கூட்டத்தை அவர் நடத்திய விதத்தால் வந்த பெயர். சரியாகச் சொன்னால், நடத்த முடியாமல் போன விதத்தால்.

2024-இன் தொடக்கத்தில் அவருக்குக் கவலை ஒன்றுதான். கம்பெனி வேன் காலை ஆறரைக்கு ஊருக்குள் வரும். அங்கன்வாடி திறக்க ஒன்பது ஆகும். இடையில் சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது? பெரும்பாலும் அக்காக்கள்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அழகுமீனா அப்படி ஓர் அக்கா. ஒன்பதாம் வகுப்பு. தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முதல் பாடம் முடிந்திருக்கும். வகுப்புக்கு வெளியே நிற்க வெட்கப்பட்டு, பாதி நாள் போவதையே விட்டுவிட்டாள். ஜூனில் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. அதற்குள் ஊரில் ஓர் அதிகாலைக் காப்பகம் திறந்தாக வேண்டும் என்று வேலுத்தாய் முடிவு செய்தார்.

இடம் கிடைத்தது. ஊராட்சியின் பழைய டி.வி. ரூம். டி.வி. போய்ப் பல வருடம் ஆயிற்று. முன்வாசல், பின்வாசல், டி.வி. இருந்த கம்பிக்கூண்டு, கூண்டுக்குள் யாரோ உலரப்போட்டு மறந்த புளி. பணமும் கிடைக்கிற மாதிரி இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்குச் சம்பளம், பால், பாய் எல்லாம் தர சென்னையில் ஓர் அறக்கட்டளை சம்மதித்தது. ஒரு நிபந்தனை: தாய்மார்கள் குழு வேண்டும், குழுவுக்கு ஒரு தலைவி வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் தலைவியின் பெயர் வராவிட்டால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

தொண்டு நிறுவனத்தில் வேலுத்தாய்க்கு மேலே இருப்பவர் ரோஷினி. சமூகப்பணி படித்தவர், இருபத்தாறு வயது, சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் குடும்பம். நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள். அவ்வளவு அவசரம், அவ்வளவு உற்சாகம். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கலர் கலராக ஸ்கெட்ச் பேனா, அப்பாவின் அச்சகத்தில் மிஞ்சிய காலண்டர் தாள், ஒரு டின் முறுக்கு சகிதம் டி.வி. ரூமில் வந்து இறங்கினார். தலைவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். அறுபது பெண்களுக்குச் சொல்லியிருந்தது. அறுபது பேரும் வந்தார்கள். அதுதான் வேடிக்கை.

உள்ளே ரோஷினி, வேலுத்தாய். முதலில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ரோஷினி வணக்கம் சொல்லி முறுக்கு நீட்டினார். மூன்றாவதாக ஒருவர் முன்வாசலில் நுழைந்தார். முதலில் வந்தவர் முறுக்கோடு எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான்காவதாக வந்தவரைப் பார்த்ததும் இரண்டாமவர் போனார். ரோஷினி மறுபடி வணக்கம் சொன்னார். அரை மணி நேரத்தில் ஊர்ப் பெண்கள் அநேகமாக எல்லோரும் கூட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கூட்டத்தில் மட்டும் எப்போதும் இரண்டே பேர். முறுக்கு டின் பாதியாகியிருந்தது. தாளில் ரோஷினி எழுதியிருந்தது 'வருக' என்ற ஒரு சொல்தான்.

ரோஷினிக்கு முகம் சிறுத்துவிட்டது. தன்னைப் பிடிக்காமல்தான் போகிறார்களோ என்று வேலுத்தாயின் காதில் கேட்டார். விசாரித்து வருவதாகச் சொல்லி வேலுத்தாய் எழுந்து பின்வாசலுக்குப் போனார். அந்த நேரம் முன்வாசலில் ஒருவர் நுழைந்துகொண்டிருந்தார்.

பின்னால் கருவேல மரத்தடியில் பெண்கள் முறுக்குத் தின்றபடி கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் வள்ளித்தாய். வேலுத்தாய்க்கு மதினி முறை, பட்டாசுச் சரம் பின்னுவதில் வேகக்காரி, வாயிலும்தான்.

"ஏன் மதினி எல்லாரும் வெளிய வந்துட்டீக?"

"உள்ள ஆள் இருக்குல்ல."

"அதுக்கு? கூட்டம்னா ஆள் இருக்கத்தான செய்யும்?"

"நீ எதுக்கு வந்த?"

வேலுத்தாய் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தான் எழுந்தது விசாரிக்கத்தானா, அல்லது வாசலில் நிழல் தெரிந்ததாலா என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. வள்ளித்தாய்க்கும் புரிந்துவிட்டது. அது அங்கிருந்து கருவேல மரத்தடி முழுக்கப் பரவியது. கம்பெனி அறையில் சத்தமாகச் சிரித்தால் ஏச்சு விழும். அன்றைக்கு எல்லோரும் பழைய பாக்கியையும் சேர்த்துச் சிரித்தார்கள். தங்கத்தாய் என்பவர் மண்ணில் உட்கார்ந்தே விட்டார். என்னவோ ஏதோ என்று ரோஷினி பின்வாசலுக்கு ஓடி வந்தார். சொன்னதும் அவரும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் ரோஷினி செய்த காரியம்தான் முக்கியம். அறுபது பேரையும் உள்ளே அடைத்து உட்கார வைக்க அவர் முயலவில்லை. தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நாலு நாலு பேராகவே பேசினால் என்ன என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் பெண்கள் பிரிந்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியடியில் நாலு பேர், மாவு மில் வாசலில் நாலு பேர், கோயில் படியில் மேலே நாலு கீழே நாலு. அறுபது பேர் கூட்டத்தில் வாயே திறக்காதவர்களுக்கு நால்வரில் சும்மா இருக்க முடியவில்லை. நால்வரில் ஒருத்தி பேசாமல் இருந்தால் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தமாகிவிடும். ஒரு குழுவில் முடிவானதை அதிலிருந்து ஒருவர் எழுந்து அடுத்த குழுவுக்குக் கொண்டு போனார். அவர் உட்கார்ந்ததும் அங்கிருந்து ஒருவர் எழுந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாலா சத்துமாவா, எத்தனை மணிக்குத் திறப்பது, பிள்ளைகளைப் பார்க்க எந்த இரண்டு பேரை அமர்த்துவது, வேனை மெயின் ரோட்டில் நிறுத்தாமல் காப்பகத்து வாசலுக்கே வரச் சொல்வது எல்லாம் முடிவாகிவிட்டது.

தலைவி மட்டும் முடிவாகவில்லை. எந்த நால்வரிடம் கேட்டாலும் பேச்சு சட்டென்று வேறு பக்கம் போனது. பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்த ரோஷினி, கூச்சத்தைப் போக்க ஒரு விளையாட்டு வைக்கலாம் என்றார். வள்ளித்தாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், தலைவின்னா யாருன்னு நெனைக்கீக? எங்க ஊர்ல அதுக்குப் பேரு போர்மேன். வெடிச்சா போலீசு மொதல்ல தேடுறது போர்மேனத்தான். மருந்தத் தொட்டியா, தொடலையான்னு கேக்க மாட்டாக. பேரு இருக்கா, ஏறு வண்டியில."

அவருடைய அண்ணன் சண்முகவேலே கம்பெனியில் வேலையாட்களுக்குப் பொறுப்பான போர்மேன்தான். ஒருமுறை பக்கத்தில் பலத்த சத்தம் கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சங்குளத்தில் மாமியார் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டார். கேட்டது கோயில் வேட்டு. அது அவருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் மாமியார் சாப்பாட்டில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போய்விட்டது. இந்தக் கதையை அன்றைக்கு ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக ரோஷினிக்குச் சொன்னது. ஒவ்வொரு முறையும் சண்முகவேல் கொஞ்சம் கூடப் பெருத்தார்.

சிரிப்பு ஒரு பக்கம். ஏப்ரல் மறுபக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து வேலுத்தாய் ஒரு முடிவுக்கு வந்தார். தன் பெயரையே போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. ரோஷினியும் பேனாவை எடுத்துவிட்டார். எப்படித்தான் தெரிந்ததோ, வள்ளித்தாய் குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் வந்து நின்றார்.

"உன் பேரப் போட்டா அது உன் காப்பகம் தாயி. நாங்க பிள்ளைய விட்டுட்டுப் போற ஆளுக. பால் தண்ணியா இருந்தா உன்னய வைவோம், அம்புட்டுத்தான். அதுக்கா வீதி வீதியா ஒக்காந்து பேசுனோம்?"

வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது. பெயரைப் போடவில்லை. மறுபடி நால்வர் நால்வராக உட்கார்ந்தார்கள். ஒருத்தி தலைவியானால்தானே மாட்டுவாள். வாரத்துக்கு நாலு பேர் என்று வைத்து, அடுத்த வாரம் வேறு நாலு பேர் என்று சுற்றிவிட்டால்? இது யாருடைய யோசனை என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் தங்களுடையது என்கிறார்கள். மாவு மில்காரர்கள் அதைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்கள்.

அறக்கட்டளைக்கு இது புரியவில்லை. நேரில் பார்க்க மணிகண்டராஜ் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். ஏப்ரல் கடைசி ஞாயிறு. மென்மையாகப் பேசுகிறவர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். அந்த வாரத்து நால்வர் டி.வி. ரூமில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் நுழைந்ததும் ஒருவர் எழுந்து போனார். பின்னாலேயே ரோஷினி நுழைந்ததும் இன்னொருவர். அதன் பிறகு பின்வாசலில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து உள்ளே வர, உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அவருக்கு இடம் கொடுத்துப் போனார். மணிகண்டராஜ் உத்தேசப் பால் கணக்கு கேட்டார்; பதில் வந்தது. அதைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே வேறு முகம். அந்த முகம் விட்ட இடத்திலிருந்து பதிலைத் தொடர்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் இன்னொரு முகம். ரோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

கடைசியில் மணிகண்டராஜ் பேனாவை மூடினார். இவ்வளவு பேர் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்றார். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது.

"ஒரு பிள்ளை விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா, நான் யாரைம்மா கேக்கணும்?"

இரண்டு வாசலிலும் போக்குவரத்து நின்றது. வேலுத்தாய் அப்போது பின்வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே இடமில்லை. 'என்னையக் கேளுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காப்பகம் திறந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

உள்ளே வள்ளித்தாயின் குரல் கேட்டது.

"அந்த வாரத்து நாலு பேரையும் கேளுங்க சார். ஒருத்திய மட்டும் கூப்பிட்டீகன்னா, மிச்ச மூணு பேரும் கூப்பிடாமலே வருவோம். எங்க அண்ணனுக்கு அப்பிடி வர ஆள் இல்ல. அதான் சைக்கிள எடுத்துட்டு ஓடுனாரு."

மணிகண்டராஜ் பேனாவை மறுபடி திறந்து தாள்களைப் புரட்டினார். பிறகு, படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னார். பொடிசாக எழுதினால் நாலு பேர் கொள்ளும் என்றார் தங்கத்தாய். மணிகண்டராஜ் வெளியே வந்து, டவர் கிடைக்கிற மாவு மில் படியில் ஏறி நின்று சென்னைக்குப் பேசினார். தெரு முழுக்க அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்து, ஆறு மாதத்துக்குச் சோதனையாகத் தருகிறார்கள் என்றார். அவருக்கு யார் மாலை போட்டார்கள் என்று தெரியவில்லை. கோயிலில் சாமிக்குக் கட்டி வைத்திருந்த மாலை அது என்பது மட்டும் பிறகு தெரிய வந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்றே காப்பகமும் திறந்தது. வேன் ஓட்டுநர் முத்துப்பாண்டி பெண்கள் சொன்னபடி வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்தார். பத்துப் பிள்ளைகள் அழுதன. அழாத பிள்ளைகளும் அதைப் பார்த்துச் சேர்ந்துகொண்டன. அழகுமீனா தம்பியை உள்ளே தள்ளிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். வேன் கிளம்பி ஊர் எல்லை தாண்டவில்லை, முத்துப்பாண்டி பிரேக் போட்டார். கடைசி சீட்டுக்கு அடியில் மூன்று வயதுப் பையன் ஒருவன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, கம்பெனில சின்னப் பிள்ளைய வேலைக்குச் சேக்க மாட்டாக. எறங்கு."

வேன் திரும்பி வந்தபோது பையனின் அப்பா காப்பகத்து வாசலில் நின்று, யார் இதற்குப் பொறுப்பு என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த வாரத்து நால்வரும் வேனிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கி அவர் முன்னால் வரிசையாக நின்றார்கள். யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபம் பாதியில் வடிந்துவிட்டது. நால்வரும் நின்ற இடத்திலேயே பேசி முடித்தார்கள்: காப்பகத்து வாசல் சாத்திய பிறகுதான் இனி வேன் கதவு திறக்கும். அன்றைக்கு வேன் கம்பெனிக்குத் தாமதம். வேலுத்தாய் வாசலுக்கு எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

ஆறு மாதம் முடிந்து அறக்கட்டளை மேலும் இரண்டு வருடத்துக்குப் பணம் தந்திருக்கிறது. வாசல் சாத்திய பிறகு வேன் கதவு என்ற ஏற்பாடு பக்கத்து ஊர்களைத் தாண்டி ஆமத்தூர் வரை போயிருக்கிறது.

வரும் திங்கள்கிழமை பொறுப்புக்கு வருகிற நால்வரில் பொன்மணியும் தங்கத்தாயும் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் இருந்து பேசிக்கொள்வதில்லை. சாவி பொன்மணியிடம் இருக்கும். பாலைத் தங்கத்தாய் கொண்டுவருவார். காப்பகம் காலை ஆறு மணிக்குத் திறக்கும்.