சின்னவளுக்கும் ஒன்று

கடையில் அவளைப் பவுடரக்கா என்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் கழுத்தை மறந்துவிட்டு முகத்துக்கு மட்டும் பவுடரை அப்பிக்கொண்டு வந்ததற்காகத் தோழிகள் வைத்த பெயர், எப்படியோ வேலைக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய துணிக்கடையின் கீழ்த்தளத்தில், வாசலுக்கு நேர் எதிரே அழகுசாதனக் கவுன்டர். இளமை முழுவதும் அங்கேயே நின்று கழித்தவள். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "மத்தவங்க மூஞ்சியப் பாக்கவே நேரம் பத்தல, இதுல எனக்கெங்க?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அந்தத் தங்கைக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

புது மேக்கப் கலெக்‌ஷன் வந்து இறங்கிய அன்று மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தாள். கூடவே மூத்த மருமகள். நிச்சயத்துக்குத் தலைவலி என்று அவள் வரவில்லை. பவுடரக்கா அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி வீட்டுப் பொண்ணு இருக்கிற கடைய விட்டுட்டு வேற எங்க போறது?" என்றாள் மாமியார், வாயெல்லாம் பல்லாக.

"உக்காருங்க. முகத்துலயே போட்டுப் பாத்துடலாம்."

"கையில போட்டுக் காட்டினா போதுங்க," என்றாள் மருமகள் அவசரமாக.

"கல்யாணத்துக்குக் கையையா காட்டப் போறோம்?" என்று பவுடரக்கா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். மாமியார் உதட்டுச்சாய வரிசையில் மூழ்கியிருந்தாள். புது ஃபவுண்டேஷன் ஒட்ட வேண்டுமானால் பழைய பூச்சைத் துடைத்தாக வேண்டும். தாடையோரம் வந்தபோது பஞ்சு கனமாக அப்பிக்கொண்டு வந்தது. இன்னொரு பஞ்சை எடுத்தாள். பூச்சுக்கு அடியில் தோல் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது, விரல் விரலாக.

மருமகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பவுடரக்காவின் கை அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா," என்றது பின்னாலிருந்து மாமியாரின் குரல். "அவளுக்கு அங்க அலர்ஜி."

சொன்னவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுக்கிலிருந்து, தழும்பை மறைக்கும் கன்சீலர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேர்வைக்கு நிக்குமா?"

"நிக்கும்மா."

"அழுதா?"

பவுடரக்கா தலையை ஆட்டினாள்.

"அப்ப ரெண்டு போடு. சின்னவளுக்கும் ஒண்ணு இருக்கட்டும்." உப்பு வாங்குகிறவள் போலத்தான் சொன்னாள்.

கண்ணாடிக்குள் மருமகள் பவுடரக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் அசைந்தது. எதுவும் கேட்காதே என்றாளா, தங்கையை அனுப்பாதே என்றாளா, தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா எரிந்து விழுந்தார். "அதான் அலர்ஜின்னு சொல்றாங்கல்ல?"

"அலர்ஜிக்கு விரல் இருக்காதுப்பா."

தங்கை முகம் சிவந்துவிட்டது. "உனக்கு நடக்கலேன்னு எனக்கும் நடக்கக் கூடாதா?"

பவுடரக்கா அவள் அருகே போய் உட்கார்ந்தாள். "என்னை நம்ப வேண்டாம். அவகிட்டயே பேசிப் பாரு."

மருமகளுக்குத் தனி போன் கிடையாது. வீட்டு நம்பருக்குத் தங்கை கூப்பிட்டால் மாமியார்தான் எடுத்தாள். குளிக்கிறாள் என்றாள். பிறகு தூங்குகிறாள். மறுநாள் மறுபடியும் குளிக்கிறாள். அப்போது பின்னால் யாரோ இருமியது கேட்டது. உடனே ஒரு கதவு சாத்தப்பட்டது.

"ஒரு மனுஷி எத்தனை தடவைக்கா குளிப்பா?" என்று தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அண்ணிகூட உனக்கென்ன பேச்சு? இங்கதானே வரப்போறே, வந்து பேசிக்கலாம்," என்றான், குழந்தையிடம் பேசுவது போல. அந்த மென்மைதான் அவளை உலுக்கியது. கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு பெண்களோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிறகு மாப்பிள்ளை கடைக்கு வரத் தொடங்கினான். இஸ்திரி கலையாத சட்டை. எதிரே வாசனைத் திரவிய அலமாரியருகே நின்றுகொண்டு பவுடரக்காவையே பார்ப்பான். எதுவும் வாங்க மாட்டான். ஒருநாள் நேராகக் கவுன்டருக்கு வந்து, போட்டுப் பார்க்க வைத்திருந்த உதட்டுச்சாயத்தை முழுக்கத் திருகி வெளியே எடுத்தான். மேலே மூடியை வைத்து அழுத்தினான். சிவப்பு அவன் விரலிடுக்கில் பிதுங்கியது.

"ஒரு தடவ தொட்டதுக்கே எங்கண்ணியப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கிட்டீங்க!" என்றான் சிரித்தபடி.

"செக்யூரிட்டியக் கூப்பிடட்டுமா?" கவுன்டர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

போய்விட்டான். அதன்பின் வரவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பெரிய பயமானது. இங்கே காட்ட முடியாத ஆத்திரத்தை வேறெங்கே கொண்டுபோய்க் கொட்டியிருப்பான்?

விடுமுறை நாளில் அக்காவும் தங்கையும் அந்த வீட்டுக்குப் போனார்கள். கேட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. சாமான் ஏத்துறப்ப அந்தம்மாவும் ரெண்டு பசங்களும் நின்னாங்க."

"மூத்த மருமக?"

அவள் கை கொடியிலேயே நின்றது. "அந்தப் பொண்ணா... நான் பாக்கலியே. முன்னாடியே போயிருக்கும்."

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். மேஜைக்குப் பின்னாலிருந்த ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவங்க வீட்ல யாரும் காணோம்னு சொல்லலியே. உங்களுக்கு என்ன உறவு?"

பவுடரக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அவள் கேட்டுவைத்திருக்கவில்லை.

"எனக்கு ஓரகத்தி," என்றாள் தங்கை.

ஏட்டு பேனாவைத் திறந்தார். இன்றுவரை அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. தங்கைதான் போய்ப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள்.