அண்ணன் எழுதி வைத்துவிட்டுப் போன ஜீவிய சரித்திரம்

எங்கள் சபையில் ஒருவரை அடக்கம் பண்ணுமுன் அவருடைய ஜீவிய சரித்திரத்தை எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், என்ன உத்தியோகம் பார்த்தார் என்று ஒரு பக்கம். வழக்கமாக வீட்டில் எழுதத் தெரிந்த யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதுவார்கள். என் பெரியப்பா மகன், அணு இயற்பியலில் நாடே கொண்டாடிய மனிதர், அந்த வேலையைக்கூட அடுத்தவருக்கு விடவில்லை. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டுத் தானே டைப் அடித்து வைத்திருந்தார். வாசிக்க வேண்டியது நான் என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: ‘கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருடங்கள் தனியாக அளவெடுத்து, ஓர் அணு வெளியிடும் ஒளியில் அதுவரை யாரும் காணாத கோடு ஒன்றைக் கண்டார்.’

தனியாகவாம்.

அப்போது நான் அதே ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். வாயு விளக்கின் ஒளியைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் படமெடுப்பார் அண்ணன். தகட்டில் தலைமுடி கனத்தில் நூறு கோடுகள் விழும். மைக்ராஸ்கோப்பில் அவற்றை அளப்பது என் வேலை. அதன் திருகாணியை இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை நகர்த்தி, இரண்டும் ஒத்து வந்தால்தான் எழுத வேண்டும். பத்துக் கோடு அளப்பதற்குள் அண்ணனுக்குப் பொறுமை போய்விடும். ஒருநாள் இருக்கக்கூடாத இடத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது.

“அது தூசிட்டி, வுடு” என்றார்.

நான் விடவில்லை. புதுத் தகடு, புது விளக்கு, மறுபடியும் அளவு. கோடு அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் அதையே அளந்தேன். கடைசியில் அவர் குனிந்து பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு ரசவடை வாங்கித் தந்தார்.

வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது இரணியல் ஸ்டேஷனில் வைத்துச் சொன்னார்: “பேப்பர் வரும்போ ஒனக்க பேருதாம்ட்டி முதல்ல.”

ஆராய்ச்சிப் பேப்பர் வந்தது. ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கடிதம் எழுதிக் கேட்டேன். அங்கே பனி எவ்வளவு பெய்கிறது என்று பதில் வந்தது. பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் நான் டீச்சராகிப் போன பள்ளிக்கூடத்தை விசாரிப்பார், பிரஷரை விசாரிப்பார், இதைப் பற்றி மூச்சு விடமாட்டார். முகத்தில் ஒரு கூச்சமும் இருக்காது. ஆகவே மறந்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். பெரிய தலை, சில்லறை விஷயங்கள் நிற்காது. மறந்து போனவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவர் படத்தை எங்கள் பள்ளி ஆய்வகத்தில் நானே ஒட்டினேன்.

சபைக் கோயிலில் எழுந்து வாசித்தேன். அந்த இடம் வந்தபோது ‘தனியாக’ என்பதை விழுங்கிவிட்டு மேலே போனேன். என் பெயரை நான் சேர்க்கவில்லை. ஒரு சொல்லை எடுத்தேன், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மனைவி, என் மைனி, டைப் அடித்த பக்கத்தின் நகலோடு என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

“ஒரு வார்த்தைய வுட்டுட்ட, இல்லியா?”

“கண்ணாடி சரியில்ல மைனி.”

மைனிக்குக் கோபமில்லை. களைத்துப் போயிருந்தார். “ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு அவரு சொன்னாரு. ‘மூணாவது பத்தி வரும்போ அவ தடுமாறுவா, கவனிச்சுக்க’ன்னு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல்ல. என்ன காரியம்னு நீயாவது சொல்லு.”

அப்படியானால் மறக்கவே இல்லை. ஒவ்வொரு தடவை என் வீட்டில் காப்பி குடித்தபோதும் ஞாபகம் இருந்திருக்கிறது. தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். தெரிந்துதான் அதை வாசிக்க என்னை நிறுத்தியிருக்கிறார். நான் இத்தனை வருடம் மன்னித்துக்கொண்டிருந்தது இல்லாத ஒரு ஆளை.

மைனி பதிலுக்குக் காத்திருந்தார்.

“அந்த அளவெல்லாம் நான் எடுத்தது மைனி” என்றேன்.

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டியவர் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார்.