தாலிக்கு முன் அடித்த வெளிச்சம்

அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நல்லதும் எழுதுகிறேன், அவரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததையும் எழுதுகிறேன். அண்ணனின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்குகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுப் போங்கள்.

அண்ணன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் கேழ்வரகுக் கொல்லையை ஒட்டிய வீட்டில் பிறந்தார். எனக்கு இரண்டு வயது மூத்தவர். படிப்பு இருவருக்குமே ஏறவில்லை. ஆனால் சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் பழக அப்பா அவரைத்தான் அனுப்பினார். நானும் போகிறேன் என்றேன். "நீ போயிட்டா ஏரு யாரு புடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் அங்கே மூன்று வருடம் தண்ணீர் சுமந்து, படம் கழுவி, பட்டினியும் கிடந்து கற்றார். அதை நான் மறுக்கவில்லை. அறுபத்தெட்டு வாக்கில் ஒரு பழைய கேமராவோடு திரும்பினார். ஒரே வாரத்தில் எங்கள் வீடு 'போட்டோக்காரர் வூடு' ஆகிவிட்டது. பத்து வருடம் ஏர் ஓட்டியவனின் பெயரை யாரும் அந்த வீட்டுக்கு வைக்கவில்லை.

படம் எடுக்க அவருக்குக் கிடைத்த முதல் கலியாணம் பென்னாகரம் பக்கம், ஒரு விவசாயக் குடும்பத்தில். கூடமாட உதவிக்கு என்னையும் அழைத்துப் போனார். கையில் இருந்த பிளாஷ் பல்பு இரண்டுதான். ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். பந்தலின் கோடியில் உட்கார்ந்திருந்த மேளக்காரர்களுக்குக் கூட்டம் மறைத்து மணவறை தெரியவில்லை. அண்ணன் அவர்களிடம் போய், "தாலி கட்டறப்பதாங்க வெளிச்சம் அடிப்பேன், அதப் பாத்துக் கொட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அது என் காதிலும் விழுந்தது.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் மறைத்து நின்றவர்களை விலக்க அண்ணன் போனார். போகும்போது, "கேமராவத் தொட்டுத் தொலைக்காத" என்றார். அந்தச் சொல் எனக்கு ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தலைப்பாகை நழுவி மூக்கில் வந்து நின்றது. குனிந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. அழுத்திவிட்டேன்.

வெளிச்சம் அடித்தது. கெட்டிமேளம் முழங்கியது. கூட்டம் அரிசியை அள்ளி வீசியது. தாலி இன்னும் கடைசி வரிசையில் யாரோ ஒரு பெரியவர் கையில் இருந்தது.

"தாலி ஏறாம மேளங் கொட்ட வெச்சவன் எவன்டா?" என்று மாப்பிள்ளையின் மாமன் பாய்ந்து வந்தார். யார் அழுத்தியது என்று யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "நாந்தாங்க. கை தவறிடுச்சுங்க." பளாரென்று அறை விழுந்தது. நான் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்ணின் தாயார்தான் காப்பாற்றினார். "வுடுங்கண்ணா, ரெண்டு தடவ கொட்டுனா ரெண்டு மடங்கு நல்லதாப் போவுது. அரிசி இன்னும் கொஞ்சம் கொண்டாங்கடி!" பந்தலே சிரித்தது. கலியாணம் நடந்தது.

படத்தைக் கழுவிப் பார்த்தால், தாலி கட்டும்போது அண்ணன் எடுத்ததில் அரிசி வீசிய கைகள்தான் இருந்தன, முகங்கள் இல்லை. நான் எடுத்ததில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பாலக்கோட்டில் கடை போட்டபோது அண்ணன் அதைத்தான் பெரிதாக்கி முன்கண்ணாடியில் வைத்தார். "எங்க புள்ளையும் இப்பிடிச் சிரிக்கணுங்க" என்று ஊரே வந்தது. தொழில் நிலைத்தது அந்தப் படத்தால்தான்.

"அது நான் எடுத்ததுன்னு நாலு பேர்கிட்டச் சொல்லேண்ணா" என்றேன்.

"சொல்றன். அறையும் உனக்கு வந்ததுதான்னு சேத்துச் சொல்லட்டுமா?"

கொஞ்ச நாளில் சர்க்கரை ஆலை வேலைக்குப் போய்விட்டேன். தினமும் சைக்கிளில் அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அண்ணன் நல்லவர். வத்தல்மலைக்குக் கேமராவைத் தலையில் சுமந்து ஏறுவார். இறந்தவரைப் படம் எடுத்தால், வீட்டார் பார்த்துப் பார்த்து அழக் கூடாதென்று, மூடிய கண்ணைப் பென்சிலால் திறந்து வரைந்து கொடுப்பார். அண்ணியை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இதெல்லாம் என் எரிச்சலைக் கூட்டியது. குறை சொல்ல ஏதாவது வைத்திருந்தால் தேவலை.

முப்பத்தைந்து வயதில் மஞ்சள் காமாலையில் படுத்தார். அந்தக் கலியாணப் பெண் கணவரோடு பார்க்க வந்தார். "எங்க கலியாணத்துல அடி வாங்குனீங்களே, இன்னும் மனசு ஆறலைங்க" என்றார். அண்ணன் என்னையே பார்த்தார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் கஞ்சி டம்ளரைக் கழுவ எழுந்து போனேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அதனால் இங்கே சொல்கிறேன். அழுத்தியது நான். அறை எனக்கு விழ வேண்டியது. படமும் என்னுடையது. அதன் கீழே என் பெயரை எழுதும்படி அண்ணியிடம் கேட்டிருக்கிறேன்.

நோயில் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், மழையில் நின்று குழி வெட்டிய நம் கோயில் பங்கு இளைஞர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக ஒரு மாதம் தங்கிய அவர் அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கலியாண வீட்டாருக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளையின் மாமனுக்குக் கை இன்னும் திடமாகத்தான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நான் வீட்டில்தான் இருப்பேன்.