பப்பாளி நிறக் கதிர்

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் அரை ஏக்கரை ஒரு பருவத்துக்கு மக்காச்சோள ஆராய்ச்சிக்கு விட்டிருந்தோம். அதை நடத்த வந்த பெண்மணியை ஊரே சோள மேடம் என்றுதான் கூப்பிட்டது. நெட்டையான உருவம், சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் ஈரத் துண்டு. எந்நேரமும் ஒரு சோள மணியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேதான் வேலை செய்வார்.

குழந்தைகளின் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்து மிகுந்த ரகத்தை உருவாக்குவது அவர் நோக்கம். அறுவடையில் ஒரு வரிசைக் கதிர்கள் மட்டும் பழுத்த பப்பாளி நிறத்தில் வந்தன. எல்லாரும் அதைச் சூழ்ந்துகொண்டோம். மேடமும் ஒரு கதிரை எடுத்தவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இதாங்க மேடம் ஜெயிக்கும். இன்னா கலரு பாருங்க!" என்றேன்.

"எனக்கும் இதுதான் புடிச்சிருக்கு. அதனாலதான் எது எந்தக் கதிருன்னு எழுதாம, வெறும் நம்பர் போட்டு லேபுக்கு அனுப்பப் போறேன். என் ஆசை முடிவுல கலந்துடக் கூடாது," என்றார்.

அடுத்த மாதம் முடிவோடு எங்கள் மோட்டார் கொட்டகைக்கு வந்தார். அந்தக் கதிரில் நிறம் நிறைய இருந்தாலும், உடம்பு வைட்டமினாக மாற்றிக்கொள்ளும் சத்து குறைவாம். நாங்கள் ஏறிட்டும் பார்க்காத ஒரு மஞ்சள் கதிரில்தான் அது அதிகம்.

"அப்போ இந்தப் பப்பாளி கலரு கதிர வுட்டுடுவீங்களா? இம்மாம் அழகா கீதே, மனசு வருதா மேடம்?"

"வரல," என்றார். சொல்லிக்கொண்டே மஞ்சள் மணிகளை விதைக்கென்று உறையில் போட்டு ஒட்டினார்.

மனசு வராத காரியத்தை இவ்வளவு நிதானமாகச் செய்த ஆளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.