பளபளவென்று கழுவிய தொட்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ராஜபாளையத்திலிருந்து மைத்துனன் ரகு போனில் அழுதான். "அத்தான்... என் பாக்டீரியா அம்புட்டும் செத்துப்போச்சு!"

கிருமிக்காக இழவுச் செய்தி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ரகு, லாரிக்குப் போடுகிற படுதா தயாரிக்கிறான். பூஞ்சை பிடிக்காமலிருக்கத் துணிக்கு ஒரு மருந்து. துணியை அலசிய தண்ணீரில் அந்த விஷமும் வரும். அப்படியே விட்டால் பக்கத்துக் கண்மாய் என்னாவது? அதனால் தொட்டியில் பாக்டீரியா வளர்க்கிறான் — விஷத்தையே தின்று செரிக்கிற ஜாதி. கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கியவை. பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் இப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லை.

பூஜைக்கு ஆலை முழுக்கக் கழுவ வேண்டுமல்லவா? ஆட்கள் தொட்டியையும் விடவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காயும் உடைத்துவிட்டார்கள். பக்தி பொங்கினால் கிருமி தப்புமா?

நான் போனபோது ரகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். உள்ளே முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம்!

"விஷத் தண்ணிய வெளிய விடமாட்டேன் அத்தான். மறுபடி பழக்குற வரைக்கும் மெஷின் ஓடாது. வேலைக்கு வாரவிய என்ன செய்வாக?"

என் சிரிப்பு அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

"பின்னாடி, மிச்ச பாக்டீரியாக் கசடு விடுற சின்னத் தொட்டிய யாருலே கழுவினது?" என்று ரகு திடீரென்று கத்தினான்.

ஆட்களில் மூத்தவரான மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "நான்தான் கழுவணும் மொதலாளி... பொரிகடலை தின்னுட்டு செத்த நேரம் சாஞ்சேன். பொறவு கழுவிக்கிடலாம்னு பொட்டு மட்டும் வச்சிட்டேன்."

ஓடிப்போய் மூடியைத் திறந்தோம். பழுப்புக் கசடு... குப்பென்று நாற்றம்! அந்த நாற்றத்தை ஆனந்தமாக இழுத்து முகர்ந்த மனிதனை அன்றுதான் பார்த்தேன்.

"இருக்கு அத்தான்! உசுரோட இருக்கு!"

ரகு மாரியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். திட்டு வாங்கத் தயாராக நின்றவர் மிரண்டே போனார். அந்தக் கசடைப் பெரிய தொட்டியில் விட்டு வளர்த்தார்கள். சில வாரங்களில் மெஷின் ஓடியது.

எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் ஆலை மூடியிருக்கும்... யோசித்துப் பாருங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பி, இதை மனைவியிடம் உருகி உருகிச் சொன்னேன். மாடித் தண்ணீர் டேங்கைக் கழுவச் சொல்லி அவள் கேட்டு ஒரு மாதம் ஆகிறது.

"எந்தம்பி தொட்டிக்கு விஷம் வருது, அதத் திங்கக் கிருமி வேணும். நம்ம டேங்குத் தண்ணியில நாம பல்லு விளக்குறோம்" என்று பிரஷ்ஷை நீட்டினாள். "ஏறுங்க!"